மெட்டு: தெரிந்தது

1

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம் இருபத்தைந்து வயது. அதன் பள்ளிக் கீதத்துக்கும் அதே வயது. கீதத்தை எழுதியவன் நான். மேற்கு சிட்னியில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள், சனிக்கிழமை காலையில் தூக்கம் கலையாத முகத்தோடு வரிசையில் நின்று என் வரிகளைப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று வைத்தியர்கள், கணக்காளர்கள். ஒருவர் விமானி. வென்ட்வேர்த்வில் கடைகளில் என்னைக் கண்டால் கையிலிருக்கும் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். பழக்க தோஷம். இந்த நாட்டில் வேறு எந்தத் தமிழ் எழுத்தாளனுக்கும் இப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது.

ஆண்டு விழாவுக்கு முந்திய சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. என் மகள் சாம்பவி பியானோவில் இருந்தாள். பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள்:

*மூத்த மொழியின் முற்றம் நாங்கள் முழங்குவோமே!*
*கட்டிக் காத்துக் கண்டம் எல்லாம் தூவுவோமே!*

இரண்டாவது வரியில், கடைசி வரிசைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருந்த முதியவரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. செல்லத்துரை அங்கிள். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் மகளைப் பார்க்க வந்தவர். பேரனைக் கூட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்திருந்தார். நெஞ்சு வலியாக்கும் என்று தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். வலியில்லை, சிரிப்பு. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"தம்பி, பக்கெற் இப்ப என்ன விலை?"

"என்ன பக்கெற், அங்கிள்?" என்று கேட்டேன்.

எனக்கு என்ன பக்கெற் என்று தெரியும். இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

பியானோ நின்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சாம்பவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொற்கள் மட்டுமே என்னுடையவை.

பள்ளிக்கூடம் தொடங்கியபோது நாங்கள் பென்டில் ஹில்லில் ஒருவருடைய கராஜில் கூட்டம் போட்டோம். அடுத்த சனிக்கிழமைக்குள் ஒரு கீதம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. உயர்தரத்தில் தமிழ் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை ரயிலில் எழுதத் தொடங்கினேன். சொற்கள் தாமாக வந்து ஒரு மெட்டில் உட்கார்ந்தன. ஸ்ட்ராத்ஃபீல்டில் இரண்டு சரணம் முடிந்துவிட்டது. ரெட்ஃபெர்னில்தான் அந்த மெட்டு எது என்று உறைத்தது. அதற்குப் பிறகு இறங்கி வேறு மெட்டில் ஏற நேரமில்லை.

அது மூட்டைப்பூச்சி மருந்துப் பாட்டு.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பஸ் புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒருவர் ஏறுவார். தோளில் தோல் பை, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் என்று எவரும் கேட்டதில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தாளம் போட்டுப் பாடுவார்:

*மூட்டைப் பூச்சி முற்றும் நாசம் முழங்குவோமே!*
*கட்டில் மெத்தை சந்தில் எல்லாம் தூவுவோமே!*

நான்கு வரிதான். பாட்டு முடியவும் பஸ் இயந்திரம் உறுமவும் சரியாக இருக்கும். மருந்துத் தூளை ஓர் இளஞ்சிவப்புத் தாளில் பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்; அதுதான் பக்கெற். அந்தத் தாளில் பாட்டு அச்சடித்திருக்கும். மேலே சின்ன எழுத்தில், "மெட்டு: தெரிந்தது." பாட்டை வாங்கினால் மருந்து இலவசமா, மருந்தை வாங்கினால் பாட்டு இலவசமா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மூட்டைப்பூச்சிகளுக்கும் விளங்கியிருக்காது, அவை நலமாக இருந்தன.

கீதத்தை நான் சும்மா திருடவில்லை. மனச்சாட்சிக்காக, தாளின் மேலே நானும் "மெட்டு: தெரிந்தது" என்று எழுதித்தான் கொடுத்தேன். அதை வாங்கியவர் குகன். அன்றும் அவர்தான் செயலாளர், இன்றும் அவர்தான். குகன் இதை ஒரு சங்கீத விவரம் என்று நினைத்து, சற்று கௌரவமாக இருக்கட்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இப்படி அச்சடித்தார்: "இராகம்: தெரிந்தது."

முதலாம் ஆண்டு விழாவுக்கு வந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், ஆங்கில நிரலைப் பார்த்து, "இந்த இனிய ராகா தெரிந்தாதூவுக்கு நன்றி" என்றார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. ஒரு சங்கீத ரீச்சர் என்னிடம் வந்து, அபூர்வ ராகம், இப்போது ஒருவரும் தொடுவதில்லை என்றார். நானும் தலையாட்டினேன். பத்தாவது ஆண்டு மலரில் மெல்பேர்ண் அறிஞர் ஒருவர் "தூவுவோம்" என்ற ஒரு சொல்லைப் பற்றி மாத்திரம் மூன்று பக்கம் எழுதினார். புலம்பெயர்ந்தவன் விதைபோலச் சிதறுகிறான், ஆனால் சிதறலைச் சிதறலாகப் பாராமல் தூவலாகப் பார்ப்பதே இக்கவிஞரின் நுட்பம் என்றார். வாசிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. தூளைத் தூவாமல் வேறு என்ன செய்வது?

"இசையமைப்பாளர்" என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. மறுக்காமல் இருப்பது பொய்யில்லை என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர்.

3

திங்கட்கிழமை குகன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, உங்கட கையெழுத்து ஒண்டு வேணும். ஹோல்காரர் ஃபோம் கேக்கினம். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்ப வேணும்."

மண்டபத்தில் பாடப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி. பாட்டின் பெயர், சொல் எழுதியவர், இசையமைத்தவர், இசையமைத்தவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் இறந்த வருடம். கீழே உறுதிமொழி: மேலே உள்ளவை யாவும் உண்மை, தவறான தகவல் குற்றம் என்பதை அறிவேன்.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் பிழை பிடிப்பது என் வேலை. இருபது வருடமாக, "தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதற்காக ஒரு பாதிரியாரை மூன்று தரம் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவனுக்கு முன்னால் இப்போது ஒரு கட்டம்.

"உதில உங்கட பேரை இரண்டு இடத்திலயும் போடுங்கோ, அண்ணை. விழாவில பொன்னாடையும் இருக்கு. 'இசைக் கவிஞர்' எண்டு சொல்லி. போயிட்டு வாறன்."

குகன் போனபின், என் மனைவி வதனி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா முகம் கறுத்துப் போச்சு? பொன்னாடை நிறம் பிடிக்கேல்லையோ?"

பொன்னாடையைக்கூட விட்டுவிடலாம். பிரச்சினை சாம்பவி. அவள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுக்கு முழுதாகத் தெரிந்த தமிழ்ப் பாட்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது இது. பல்கலைக்கழகத்தில் இசை படிக்கச் சேர்ந்தபோது, நேர்முகத் தேர்வில் இந்த மெட்டைத்தான் பியானோவில் விரித்து வாசித்தாள். "என் அப்பா இசையமைத்தது" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். நான் அந்நேரம் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன். வெளியே வந்து கதவைத் திறந்தபடியே அவள் இதைச் சொன்னபோது, "சீற் பெல்ற்றைப் போடு பிள்ளை" என்றேன். மறுக்கவில்லை. கட்சிக் கொள்கை.

4

புதன்கிழமை பின்னேரம். குசினி மேசையின் ஒரு பக்கம் நான், படிவத்தோடும் பழைய நிகழ்ச்சி நிரலோடும். எதிரே சாம்பவி, கணினியோடு. அமெரிக்காவின் ஆரம்பகாலப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி அவள் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். சட்டைப் பையில் வைக்கக்கூடிய சின்னச் சின்னப் புத்தகங்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய விவகாரம். தமிழ்ப் பிள்ளை, ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, அமெரிக்கக் குப்பைகளைக் கிளறுகிறாள் என்று நான் நண்பர்களிடம் பெருமையாகப் புலம்புவதுண்டு.

"அப்பா, ராகம் தெரிந்தது. ஐ சேர்ச்ட் எவ்ரிவேர். அப்பிடி ஒரு ராகமே இல்லை."

"அபூர்வ ராகம்."

"ரெயார் இஸ் நொட் த சேம் அஸ் நொன்-எக்சிஸ்டன்ட், அப்பா."

பேச்சை மாற்றுவதற்காக, அந்த அமெரிக்கப் புத்தகங்களில் சுரம் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்ட மிக முட்டாள்தனமான கேள்வி.

"தட்ஸ் த திங்! சுரமே இல்லை. சொல் மட்டும்தான். மேல சின்னதா, இன்ன பாட்டின்ர டியூன் எண்டு இருக்கும். எல்லாரும் எல்லாற்ற மெட்டையும் எடுப்பினம். இங்கிலாந்துக்காரரை எதிர்த்துச் சண்டை பிடிப்பினம், பாடுறது இங்கிலாந்து மெட்டில. குடிக்காதை எண்டு பாட்டு, மெட்டு குடிகாரற்ற. லொட்ஸ் ஒஃப் ஹிம்ஸ், சேர்ச்சில பாடுற பாட்டுக் கூட அப்பிடித்தான். ஊசி, பொத்தான் விக்கிறவங்கள்தான் பாட்டுத் தாளும் வித்தவங்கள். பிறகு மருந்துக் கொம்பனிகள்கூட பாட்டுப் புத்தகம் அடிச்சது. ஒரு பக்கம் லவ் சோங், மற்றப் பக்கம் வயித்துக் குத்துக்கு எண்ணெய்."

அவள் இவ்வளவு தமிழை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

"பெஸ்ட் பார்ட் என்ன தெரியுமோ? கொஞ்சப் பாட்டில மெட்டின்ர பேரே இருக்காது. 'டியூன்: வெல் நோன்' எண்டு மட்டும் போட்டிருக்கும். எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு எழுதேல்ல. சோ இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. ஹௌ சாட் இஸ் தட்?"

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். மங்கலான பழைய பக்கம். மேலே சின்ன எழுத்தில் அந்த இரண்டு சொற்கள். அதைப் பார்த்துவிட்டு என் முன்னால் இருந்த பழைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள். இராகம்: தெரிந்தது. அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள். "வட் வாஸ் த பக்கெற்?"

சொன்னேன். பஸ்ஸை, மாஸ்டரை, இளஞ்சிவப்புத் தாளை.

"மூட்டைப்பூச்சி எண்டா? மூட்டை எண்டா பாக். பாக் இன்செக்ட்?"

"பெட் பக்ஸ், பிள்ளை."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. வதனி கொழும்பில், வெள்ளவத்தையில் வளர்ந்தவள், அவளுக்கும் இது புதிது. "கடவுளே! பெட் பக்ஸுக்கா நான் இருபத்தைஞ்சு வருசம் எழும்பி நிண்டனான்? அப்ப கலியாணத்துக்கு முதல் எனக்கு எழுதின கவிதையும் ஏதும் பக்கெற்றில சுத்தி வந்ததோ?"

சாம்பவி சிரிக்கவில்லை.

"இன்டர்வியூவில நான் சொன்னனான். மை டாட் கம்போஸ்ட் இட்."

"ஓம்."

"நீங்கள் கார் பார்க்கில இருந்தனீங்கள்."

"ஓம்."

"நான் வந்து சொன்னனான். யூ செட், சீற் பெல்ற்."

கணினியை மூடிவிட்டு எழுந்து போனாள். அறைக் கதவைச் சாத்தினாள். படிவம் மேசையில் கிடந்தது. வதனி அடுப்பை அணைத்தாள். வதனி பாதிச் சமையலில் அடுப்பை அணைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் பியானோ கேட்டது. கீதம்தான், வழக்கமான வேகத்தில், கொடியேற்றும்போது வாசிப்பதுபோல. நின்றது. திரும்பவும் தொடங்கியது, கொஞ்சம் வேகமாக. பிறகு இன்னும் வேகமாக. புறப்படப்போகும் பஸ்ஸில் பாடும் வேகம். அந்த வேகத்தில் அதை நான் கடைசியாகக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். மரியாதைக்கு இல்லை, சில்லறை தேட.

கதவு திறந்தது.

"இந்த டியூன் எப்பவும் ஓடப் பாக்கும், அப்பா. நான் எப்பவும் பிடிச்சுப் பிடிச்சு நிப்பாட்டுறனான். ஏன் எண்டு இப்பதான் விளங்குது." கோபம் போகவில்லை, ஆனால் கையில் கைத்தொலைபேசி, பதிவு செய்யத் தயாராக. "பாடுங்கோ. உங்கட இல்லை. அவற்ற."

பாடினேன். இரண்டு வரி. மூன்றாவது வரியில் வாயைத் திறந்தேன், என் சொந்தச் சரணம் வந்தது. திரும்பத் தொடங்கினேன், திரும்பவும் என்னுடையதே வந்தது. இருபத்தைந்து வருடமாக நான் பூசிய வெள்ளை, அடியிலிருந்ததைத் தின்றுவிட்டது.

"தேர்ட் லைன்?"

"மறந்து போச்சு."

இந்த முறைதான் அவள் முகம் உண்மையாக விழுந்தது. பொய்யைவிட மறதி அவளுக்குப் பெரிய குற்றம்.

5

செல்லத்துரை அங்கிள் விழாவுக்கு அடுத்த நாள் விமானம் ஏறுகிறார். வியாழக்கிழமை வேலை முடிந்து சாம்பவியையும் கூட்டிக்கொண்டு அவருடைய மகள் வீட்டுக்குப் போனேன். மனிதர் சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்தார். சாம்பவி கைத்தொலைபேசியை நீட்டி, மிகக் கவனமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"அங்கிள், மூட்டைப்பூச்சி பாட்டு முழுக்கப் பாடுவீங்களோ, பிளீஸ்?"

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லிப் போட்டியோ?"

"சொல்லிப் போட்டன்."

"கெட்டிக்காரன். இருபத்தைஞ்சு வருசம் செல்லுமோ உதைச் சொல்ல?" சூட்கேஸ் மூடியில் தாளம் போட்டார். முதல் இரண்டு வரி. பிறகு, ஒரு நொடியும் தயங்காமல்:

*குத்தும் கடியும் தீர்ந்து வீடு குறட்டை கேட்குமே!*
*கோடி வீட்டார் தாமும் வந்து பக்கெற் கேட்பரே!*

சாம்பவி அவரை ஐந்து தரம் பாட வைத்தாள். ஐந்தாவது தரம் தானும் சேர்ந்தாள். பிறகு ஆய்வாளர் குரலில் கேட்டாள்: "மாஸ்டர் இந்த டியூனை எங்க எடுத்தவர்?"

"அவனும் எங்கையோ சுட்டதுதான், மகள். அது எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டெல்லோ."

"என்ன பாட்டு?"

"அது வந்து..." அங்கிள் மேலே பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தாளம் போட்ட விரல் அந்தரத்தில் நின்றது. "எல்லாருக்கும் தெரியும், பிள்ளை. அப்ப எல்லாருக்கும் தெரியும்."

திரும்பி வரும்போது சாம்பவிதான் கார் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு, "ஃபோமில என்ன போடப்போறீங்கள்?" என்றாள்.

"தெரியேல்ல."

"உண்மையைப் போடுங்கோ. அந்தப் பழைய புத்தகங்களில போட்ட மாதிரி."

விளக்கு பச்சையானது. "அண்ட் அப்பா," என்றாள், "சீற் பெல்ற்."

நான் போட்டுத்தான் இருந்தேன். ஆனாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலை படிவத்தை அனுப்பினேன். சொல்: என் பெயர். இசை: "நன்கு தெரிந்தது." உயிரோடு இருக்கிறாரா என்ற கட்டத்தில் ஆம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டு ஒரு கோடு கிழித்தேன். இருபது வருட உத்தியோகத்தில் நான் ஒருவரையும் கிழிக்க அனுமதிக்காத கோடு.

குகனிடமும் தொலைபேசியில் சொன்னேன். "அண்ணை," என்றார், "அப்ப இராகம்?"

"இராகமும் இல்லை, குகன்."

"எம்.பி. நல்லாயிருக்கெண்டு சொன்னவரே!"

விழாவில் சாம்பவி மேடையேறி, தன் உடைந்த தமிழில், முதலில் அமெரிக்கச் சட்டைப்பைப் புத்தகங்களைப் பற்றியும் பிறகு யாழ்ப்பாணத்து பஸ்ஸைப் பற்றியும் சொன்னாள். மண்டபத்தில் பெற்றோர் பகுதி உறைந்தது. பிள்ளைகள் பகுதி வெடித்தது. கீதத்தை வழக்கம்போல நிமிர்ந்து நின்று ஒருமுறை பாடினார்கள். பிறகு சாம்பவி மாஸ்டரின் நான்கு வரியையும் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டினாள். நூற்றுநாற்பது பிள்ளைகள் குதித்துக்கொண்டு மூட்டைப்பூச்சியை முற்றும் நாசமாக்கினார்கள். தாளைப் பார்க்காமல், உச்சரிப்புப் பிழையில்லாமல். என் வரிகளை எந்தச் சனிக்கிழமையும் அவர்கள் அப்படிப் பாடியதில்லை. பொன்னாடை எனக்குத்தான் போர்த்தினார்கள், ஏற்கெனவே வாங்கிவிட்டதால். முன்வரிசையிலிருந்து செல்லத்துரை அங்கிள், "தம்பி, எனக்கு ரெண்டு பக்கெற்!" என்று சத்தம் வைத்தார்.

மறுநாள் அவர் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மண்டப அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. எழுதியவரும் என்னைப்போலப் படிவத்தில் பிழை பிடிக்கும் இனத்தவர் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்தது. "எங்கள் பதிவேட்டுக்காக: இசை என்ற கட்டத்தில் நன்கு தெரிந்தது என்று எழுதியுள்ளீர்கள். யாருக்குத் தெரிந்தது? தயவுசெய்து தெளிவுபடுத்தவும்."

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். பத்து நாளைக்கு முன் கேட்டிருந்தால், அரைவாசி தெரிந்த ஒருவனையும் விமானச் சீட்டு வைத்திருந்த ஒருவரையும்தான் காட்டியிருக்க முடியும். குளியலறையில் வதனி பாடிக்கொண்டிருந்தாள், மூன்றாவது வரி. தனக்கு அந்தப் பாட்டு அருவருப்பு என்று அன்று காலைதான் சொல்லியிருந்தாள். பிள்ளைகளோடு சாம்பவியையும் அவளையும் கூட்டிக்கொண்டேன்.

பதில் எழுதினேன்: "நூற்றுநாற்பத்திரண்டு பேருக்கு. பெயர்ப் பட்டியல் தேவையென்றால் அனுப்பத் தயார். முதலாவது பெயர் என் மகளுடையது."